ஏர் இந்தியா சேர்மனே எழுதிய சீட் ரிவ்யூ: ஜே.ஆர்.டி. டாடாவின் கதை

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு டிக்கெட் போடும்போது விலைக்கு அடுத்து என்ன பார்ப்பீங்க? ஏடிஆர் விமானம் என்றால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட்தான், நடு சீட் தொல்லை இல்லை. ஆனால் புரொப்பல்லர் சத்தம் உண்டு. இந்த மாதிரி விஷயங்களுக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர் ஜே.ஆர்.டி. டாடா. அவருடைய கவனம் நம் உள்நாட்டு ரூட்டுகளுக்கு ஏன் முழுசாகக் கிடைக்கவில்லை என்பதுதான் கதை.

1904-ல் பாரிஸில் பிறந்தவர். அம்மா பிரெஞ்சுக்காரர். ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கு, இவர்கள் கோடை விடுமுறைக்குப் போகும் கடற்கரை ஊரில் ஒரு வீடு இருந்தது. விமானப் பைத்தியம் அங்கேயே பிடித்துவிட்டது. 1929 பிப்ரவரி 10-ல், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸை வாங்கினார்.

1932 அக்டோபர் 15. ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் 25 கிலோ தபாலோடு கராச்சியிலிருந்து கிளம்பினார். அகமதாபாத்தில் பெட்ரோல் வந்தது மாட்டுவண்டியில்! பம்பாயில் இறங்கியதும் தபாலை வாங்கிக்கொண்ட நண்பர் நெவில் வின்சென்ட், பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆக, முதல் ரூட்டிலேயே சென்னை இருந்தது. அடுத்த ஆண்டு முழுக்கப் பறந்த பயணிகள் வெறும் 155 பேர். வருமானமே தபாலில்தான்.

அந்தத் தபால் கம்பெனிதான் 1946-ல் ஏர் இந்தியா ஆனது. 1948-ல் லண்டனுக்கும் பறந்தது.

1953-ல் என்ன நடந்தது?

நேரு அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. ஜே.ஆர்.டி.க்கு இதில் துளியும் உடன்பாடில்லை. வெளிநாட்டுச் சேவைக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல், உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என இரண்டாகப் பிரித்தார்கள். முன்னதற்கு அவரே சேர்மன். பின்னதில் போர்டு உறுப்பினர் மட்டும்.

இந்தியன் ஏர்லைன்ஸுக்குக் கிடைத்ததில் பெரும்பாலானவை பழைய டகோட்டாக்கள். தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்திருக்கும், சீட்டுக்குப் போகவே மேடு ஏறணும். கேபினில் காற்றழுத்த வசதி கிடையாது; அதனால் தாழ்வாகத்தான் பறக்கும், மேகத்தில் குலுங்கி எடுத்துவிடும். 1957-ல் அழுத்த வசதியுள்ள விஸ்கவுன்ட் வந்த பிறகுதான் பெரிய ஊர்களுக்காவது கொஞ்சம் நிம்மதி.

ஏர் இந்தியாவில் நிலைமை வேற லெவல். ஜே.ஆர்.டி. பயணியாக ஏறினாலே ஊழியர்களுக்கு உதறல்தான். இறங்கியதும் குறிப்பு வந்துவிடும். ஒருமுறை ஐரோப்பா போய்வந்து எழுதியதில், சில சீட்டுகள் அதிகம் சாய்கின்றன, சில சாயவில்லை, எல்லாவற்றையும் நன்றாகச் சாய்கிற மாதிரி மாற்றணும் என்று இருந்தது. டீயின் நிறம் காபி மாதிரி இருப்பதாகவும் புகார். சம்பளம் வாங்காத சேர்மன் செய்த வேலை இது! இந்த நச்சரிப்பு இல்லாமல் ஏர் இந்தியாவுக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்காது. உள்நாட்டிலோ போட்டிக்கு ஆளே இல்லை. சீட் சரியில்லை என்றால் வேறு ஏர்லைனுக்கு மாற வழியில்லை.

1978-ல் மொரார்ஜி அரசு அவரைச் சேர்மன் பதவியிலிருந்து நீக்கியது. மனுஷன் பறப்பதை விடவில்லை. 1982-ல், 78 வயதில், கராச்சி–பம்பாய் ரூட்டில் மறுபடி தனியாக ஒரு குட்டி விமானத்தை ஓட்டிவந்தார்.

1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். சில மாதங்களிலேயே, 1994-ல், அந்த 1953 சட்டம் ரத்தானது. ஏர் டாக்ஸி என்ற பெயரில் பறந்துகொண்டிருந்த தனியார் கம்பெனிகள் முழு ஏர்லைன்களாக மாறின.