தோட்டக்காரர் எழுப்பிய பளிங்கு மாளிகை

லண்டன் நகரில் 1851-ம் ஆண்டு ஓர் அதிசய மாளிகை எழுந்தது. அதன் நீளம் 1,848 அடி. இரும்பு, மரம், கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டே அதைக் கட்டினார்கள். மக்கள் அதைப் பளிங்கு மாளிகை என்று அழைத்தார்கள்.

அதற்குத் திட்டம் போட்டவர் கல்லூரியில் படித்த என்ஜினீயர் அல்ல. அவர் ஒரு தோட்டக்காரர். பெயர் ஜோசப் பாக்ஸ்டன்.

மதில் ஏறிய வாலிபர்

பாக்ஸ்டன் 1803-ம் ஆண்டு இங்கிலாந்தில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தோட்ட வேலைக்குப் போனார். அவருடைய சுறுசுறுப்பை டெவன்ஷயர் பிரபு கவனித்தார். 1826-ல் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் இருந்த தன் மாளிகைக்கு அவரைத் தலைமைத் தோட்டக்காரர் ஆக்கினார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 22.

முதல் நாள் விடியும் முன்பே அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். கதவு பூட்டிக் கிடந்தது. மதில் ஏறிக் குதித்தார். தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். 6 மணிக்கு ஆட்களை வேலைக்கு விட்டார். காலை உணவுக்குப் போன இடத்தில் சாரா என்ற பெண்ணைக் கண்டு மனதைப் பறிகொடுத்தார். மறு ஆண்டே இருவருக்கும் திருமணம் நடந்தது. கணவரின் பணம், கணக்கு வழக்குகளை எல்லாம் சாராவே திறமையாகக் கவனித்துக் கொண்டார்.

குழந்தையைத் தாங்கிய இலை

தென் அமெரிக்காவின் ராட்சத அல்லிச் செடி ஒன்று 1849-ல் பாக்ஸ்டனிடம் வந்தது. குளத்து நீரைச் சூடாக்கி அதை வளர்த்தார். அதே ஆண்டு நவம்பரில் அது பூத்தது. அதன் இலைமேல் தன் சிறு மகளை நிற்க வைத்தார். இலை அமிழவில்லை. இலையின் அடியில் விசிறிபோல் ஓடிய நரம்புகளே அவளைத் தாங்கின. மெல்லிய கண்ணாடிக் கூரையையும் இப்படித் தாங்க வைக்கலாம் என்று பாக்ஸ்டன் கண்டுகொண்டார். அந்த அல்லிக்கென்றே ஒரு கண்ணாடி வீடு கட்டினார்.

ஒற்றுத்தாளில் ஒரு படம்

லண்டனில் உலகப் பொருட்காட்சி 1851 மே 1-ந் தேதி தொடங்கவேண்டும். கட்டடத்துக்கு 200-க்கு மேற்பட்ட திட்டங்கள் வந்தன. ஒன்றையும் கமிட்டி ஏற்கவில்லை. கமிட்டியே வரைந்த கட்டடத்துக்கோ ஒரு கோடிக்கு மேல் செங்கல் வேண்டும். ஜனங்கள் அதை எதிர்த்தார்கள். நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

1850 ஜூன் 11-ந் தேதி ஒரு ரெயில்வே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாக்ஸ்டன், மை ஒற்றும் தாளில் ஒரு படம் வரைந்தார். அதுவே பளிங்கு மாளிகையின் முதல் வரைபடம். அந்தத் தாள் இன்னும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. மாளிகையைக் கட்டிக் கொடுக்கும் வேலையை பாக்ஸ், ஹெண்டர்சன் கம்பெனி ஏற்றது.

ஒரு மாதிரி, ஆயிரம் தூண்கள்

இவ்வளவு பெரிய மாளிகையைச் சில மாதங்களில் முடித்தது எப்படி?

பொருள்களின் வகைகளைக் குறைத்ததுதான் ரகசியம். கூரைக் கண்ணாடி எல்லாம் ஒரே அளவு: 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். தூணுக்குத் தூண் 24 அடி. அதைவிட அகலமான இடம் வேண்டுமானால் 48 அடி அல்லது 72 அடி. எல்லாமே 24-ன் மடங்கு.

தூண்கள் சுமார் 3,300. ஒவ்வொன்றையும் தனித்தனியே வரையவேண்டிய தேவை இல்லை. மாதிரியை வரைந்தால் போதும். வெளிச்சுற்றளவு எல்லாத் தூண்களுக்கும் ஒன்றே. உள்ளே இரும்பின் கனம் மட்டும் தாங்கும் பாரத்துக்கு ஏற்ப மாறும். எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அதனால் பல ஊர்ப் பட்டறைகளில் வார்த்த உறுப்புகளும் லண்டனில் ஒன்றோடொன்று பொருந்தின.

வேலை மின்னல் வேகத்தில் நடந்தது. 80 பேர் ஒரே வாரத்தில் 18,000-க்கு மேற்பட்ட கண்ணாடிகளைப் பதித்தார்கள். மாடிகள் தாங்குமா என்று சிலர் அஞ்சினார்கள். சிப்பாய்களை அணிவகுத்து நடக்கவைத்துச் சோதித்தார்கள். ஆபத்து இல்லை.

குறித்த நாளில் விக்டோரியா மகாராணி பொருட்காட்சியைத் திறந்து வைத்தார். சுமார் 60 லட்சம் பேர் வந்தார்கள். பாக்ஸ்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1854-ல் அவர் பார்லிமெண்ட் மெம்பரும் ஆனார்.

மீண்டும் எழுந்த மாளிகை

பொருட்காட்சி முடிந்ததும் மாளிகையைப் பகுதி பகுதியாகக் கழற்றினார்கள். சைடன்ஹாம் என்ற இடத்தில், பழைய உறுப்புகளோடு புதியவற்றையும் சேர்த்து, இன்னும் பெரிதாக எழுப்பினார்கள். அது 1854-ல் திறக்கப்பட்டது. பாக்ஸ்டன் 1865-ல் காலமானார். மாளிகை 1936 நவம்பர் 30-ந் தேதி இரவு தீயில் அழிந்தது.

அவர் காட்டிய வழி அழியவில்லை. இன்று ஜன்னல், கதவு, தூண் முதலியவற்றைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்கிறார்கள். ஜன்னல் என்ற வகையை ஒரு முறை விவரிக்கிறார்கள். அதில் எந்த அளவு மாறலாம், எது மாறக்கூடாது என்று குறிக்கிறார்கள். பிறகு சுவரில் பதித்த ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி எண் கொடுக்கிறார்கள். ஒன்று பழுதானால் அதை மட்டும் தேடி எடுத்து மாற்றலாம். மாதிரி ஒன்று, அதன்படி பிறந்த பொருள்கள் பல என்ற இந்தக் கணக்கை, அன்றே ஒரு தோட்டக்காரர் இரும்பிலும் கண்ணாடியிலும் போட்டுக் காட்டினார்.