திருகாணி வியாபாரியும் தெருக்குழாயும்

சேம்பர்லின் என்றதும் கையில் குடையோடு மியூனிச் நகருக்குப் பறந்துபோய், 1938-ல் இட்லரிடம் கையெழுத்து வாங்கித் திரும்பிய பிரிட்டிஷ் பிரதமர்தான் தோழர்கள் பலருக்கு நினைவுக்கு வருவார். நான் சொல்ல வந்தது அவரை அல்ல, அவரைப் பெற்ற தகப்பனாரை. ஜோசப் சேம்பர்லின் என்பது பெயர். ஒற்றைக் கண்ணாடி, சட்டைப் பொத்தானில் ஆர்க்கிட் பூ, பார்த்தால் பகட்டுக்காரப் பிரபு! ஆனால் பிரபு வம்சமல்ல. செருப்புத் தொழில் நடத்தியவரின் மகன். 1836-ல் லண்டனில் பிறந்து, 16 வயதில் பள்ளியை விட்டுத் தகப்பனாரின் தொழிலில் நுழைந்து, 18 வயதில் பர்மிங்ஹாம் நகருக்கு வந்து, மாமன் வழி உறவில் அமைந்த திருகாணித் தொழிற்சாலையில் கணக்கும் வியாபாரமும் பார்த்தார். அமெரிக்க இயந்திரம் அந்தத் தொழிற்சாலையில் ஓடியது. கையால் ஆணி செய்த சிறு பட்டறைகள் அதன் முன் நிற்கமுடியாமல் நொடித்தன. அந்தப் பழி அவர் மீது உண்டு, மறைப்பானேன்? போட்டியில்லாத வியாபாரம் எவ்வளவு கொழுக்கும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, தண்ணீரும் அப்படியொரு வியாபாரமாக இருப்பதைக் கண்டபோது அவருக்கு எவரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

1871-ல் பர்மிங்ஹாமின் மக்கள் தொகை ஏறக்குறைய 3,43,000. ஆணி, பேனா முள், துப்பாக்கி, பொத்தான் என்று உலகுக்கெல்லாம் சாமான் செய்து அனுப்பிய ஊர். அந்த ஊரின் தொழிலாளிக்கு நல்ல தண்ணீர் இல்லை! 1826-ல் ஏற்பட்ட ஒரு தனியார் கம்பெனி குழாய் போட்டுத் தண்ணீர் விற்றது. காசு கொடுக்கக்கூடிய தெருவுக்குக் குழாய் போயிற்று. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் நிறைந்த முற்றச் சந்துகளில் பலருக்கும் சேர்த்து ஒரு பம்பு, அல்லது ஒரு கிணறு. நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கிணற்று நீரையே நம்பியிருந்தார்கள். கிணற்றுக்குப் பக்கத்திலேயே கழிவுக்குழி. மேலே தெளிவாகத் தெரியும் நீர், உள்ளே சாக்கடை.

கம்பெனியை நகரசபையே வாங்கிக்கொள்ளலாம் என்று 1851-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருந்தது. வாங்கினார்களா? இல்லை. ஏன்? அன்றைய நகரசபையை ஆட்டிவைத்த கூட்டம் வரி குறைப்பு ஒன்றையே வேதமாகக் கொண்ட கூட்டம். உட்மன் என்ற சாராயக் கடையில் கூடிப் பேசி, சபையில் வந்து கைதூக்குவார்கள். ஒரு பென்னி வரி ஏறக்கூடாது, ஊர் எப்படி நாறினாலும் சரி! தாமஸ் ஏவரி என்பவர் பிறகு தண்ணீர்ப் பிரச்சினையை எழுப்பினார். அப்போதும் காரியம் கைகூடவில்லை.

1869-ல் சேம்பர்லின் நகரசபை உறுப்பினரானார். அதே ஆண்டில் கட்டாய இலவசக் கல்விக்கான இயக்கத்திலும் முன் நின்றார். 1873 நவம்பரில் மேயர். மறு ஆண்டே தொழிலிலிருந்து விலகி, முழு நேரமும் ஊர் வேலைக்கு வந்துவிட்டார். முதலில் கைவைத்தது எரிவாயுக் கம்பெனிகள் மீது. இரண்டு கம்பெனிகள், இரண்டும் ஒரே தெருவை மாறிமாறித் தோண்டிக்கொண்டிருந்தன. ஏறத்தாழ 20 லட்சம் பவுனுக்கு வாங்கினார். கடன்தான். எதிரிகள் பதறினார்கள். அவர் போட்ட கணக்கு வியாபாரியின் கணக்கு: விளக்கு எரிந்தால் லாபம் வரும், அந்த லாபம் பங்குதாரர் பைக்குப் போகாமல் ஊர்ப் பெட்டிக்கு வரட்டும். அப்படியே வந்தது.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் தோழர்கள் கவனிக்கவேண்டும். கணக்கை அப்படியே தலைகீழாக மாற்றினார். எரிவாயுவில் லாபம் எடுக்கலாம், தண்ணீரில் எடுக்கக்கூடாது. குறைந்த விலைக்கு ஊரெல்லாம் நல்ல தண்ணீர் போய்ச் சேர்ந்தால் அதுவே லாபம் என்றார். பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் நின்று, உயிர் காக்கும் பொருளின் சாவி ஒரு வியாபாரக் கூட்டத்தின் கையில் இருக்கக்கூடாது, மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் கையில்தான் இருக்கவேண்டும் என்று வாதாடினார். கம்பெனி பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுத்தாக வேண்டும். நகரசபைக்கு அந்தச் சுமை இல்லை. வரி வருமானத்தை ஈடாகக் காட்டிக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கலாம், தண்ணீர்க் கட்டணத்திலிருந்தே ஆண்டுதோறும் அடைக்கலாம். சட்டம் 1875-ல் நிறைவேறியது. விலை 13,50,000 பவுன். பறிமுதல் அல்ல, விலை கொடுத்து வாங்கியது. 1876 ஜனவரி 1 முதல் தண்ணீர் ஊரின் சொத்து. லண்டன் மாநகரமோ எட்டுக் கம்பெனிகளின் தயவில் 1904 வரை காத்துக்கிடந்தது!

அந்த 1875-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அவருடைய இரண்டாவது மனைவி பிரசவத்தில் இறந்தார். முதல் மனைவியும் 1863-ல் அப்படியே போனவர். மனமுடைந்த மனிதர் பொதுவாழ்வையே விட்டுவிட நினைத்தார். நண்பர்கள் விடவில்லை.

சேரிகளை இடித்து அகலமான கார்ப்பரேஷன் தெரு போட்டதும் இவர் காலத்துத் திட்டமே. கடைகள் வந்தன, இடிபட்டவர்களுக்குப் போதிய வீடுகள் வரவில்லை.

1876-ல் பார்லிமெண்டுக்குப் போனார். அங்கே போன சேம்பர்லின் வேறு மனிதர். தன் ஊருக்குத் தன் குழாய், தன் விளக்கு, தன் நிர்வாகம் என்று முழங்கியவர், 1886-ல் அயர்லாந்து தன்னாட்சி கேட்டபோது முடியாது என்று சொந்தக் கட்சியையே பிளந்தார். 1895 முதல் 1903 வரை காலனி மந்திரி. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தத்தின் இரத்தக் கறை அவர் கையிலும் உண்டு. பர்மிங்ஹாம் தொழிலாளியின் தாகம் தெரிந்த கண்ணுக்கு அயர்லாந்துக்காரனின் தாகம் தெரியவில்லை. ஒற்றைக் கண்ணாடிக்காரர்தானே!

நகரம் வளர்ந்தது, கிணறுகள் மூடப்பட்டன, இருந்த நீர் போதவில்லை. 1892-ல் இன்னொரு சட்டம் செய்து, வேல்ஸ் நாட்டின் ஈலன் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டினார்கள். 73 மைல் தூரம், பம்பு வைக்காமல், சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் ஓடிவருகிறது. 1904-ல் அரசர் ஏழாம் எட்வர்டு திறந்துவைத்தார். அந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 100 பேர் குடியிருந்தார்கள். வீடு, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் நீருக்குள் போயின. நிலம் வைத்திருந்தவனுக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. குடியிருந்தவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நகரத்து ஏழைக்குத் தண்ணீர் கொடுத்த கை, மலைநாட்டு ஏழைக்கு வழி காட்டவில்லை என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சேம்பர்லின் 1906-ல் பக்கவாதத்தால் விழுந்தார், 1914 ஜூலை 2-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றார்கள். குடும்பத்தார் வேண்டாமென்று பர்மிங்ஹாமுக்கே கொண்டுபோனார்கள். அவர் உயிரோடிருந்தபோதே, 1880-ல், ஊர்க்காரர்கள் அவருக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் ஒரு நீரூற்று.

நகரசபையின் கையில் தண்ணீர் 98 ஆண்டுகள் இருந்தது. 1974-ல் வட்டார நீர் வாரியத்துக்கு மாறியது. 1989-ல் மார்கரெட் தாட்சர் அரசு அந்த வாரியத்தைப் பங்குகளாக்கிச் சந்தையில் விற்றது.