எண்ணாக மாறிய எழுத்து
(கிரேஸ் ஹாப்பர் வாழ்க்கைக் கதை)



சி லாங்வேஜ் வகுப்பில் முதல் நாள் எனக்கு வந்த பயம் கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல, இங்கிலீஷைப் பார்த்துத்தான். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எங்க வீட்டில் எனக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. போர்டில் இஃப், வைல், பிரிண்ட்எஃப் என்று எழுதியபோது, இந்த மெஷினே இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்காகச் செஞ்சது, நமக்கு எங்கே புரியப்போகுது என்று நினைத்தேன். அந்த நினைப்பு தப்பு என்று எனக்குக் காட்டியது ஒரு பெண்மணியின் வாழ்க்கை. கம்பைலர் என்ற பாதையைப் போட்டவர்களில் முதன்மையானவரான கிரேஸ் ஹாப்பர்தான் அவர்.

1906 டிசம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில் அவர் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தார். திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னொன்றைப் பிரித்தார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரமும் பிரிந்து கிடந்தன. அவர் அம்மா ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரத்தோடு வைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

வாசார் கல்லூரியில் 1928-இல் பட்டம், யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். படித்த வாசார் கல்லூரியிலேயே ஆசிரியை ஆனார். இரண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனார். வயது அதிகம், எடை குறைவு என்று முதலில் தடை. விடாமல் முயன்று, சிறப்பு அனுமதி பெற்று 1943-இல் சேர்ந்தார்.

1944-இல் அவரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மார்க் 1 என்ற கணிப்பான் நின்றது. 51 அடி நீளம், 8 அடி உயரம்! காகித நாடாவில் துளை போட்டுத்தான் அதற்குக் கட்டளை தரணும். அதன் முதல் புரோகிராமர்களில் ஒருவர் ஹாப்பர். 1946-இல் வெளிவந்த, 500 பக்கத்துக்கு மேற்பட்ட அதன் கையேட்டைப் பெரும்பாலும் எழுதியதும் அவரே. 1947-இல் மார்க் 2 இயந்திரத்தின் ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கிய கதை நமக்குத் தெரியும். அதை அவர்தான் பிடித்தார் என்பார்கள். உண்மையில் பிடித்தவர்கள் உடன் வேலை பார்த்தவர்கள். ஹாப்பர் அந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவர்.

1949-இல் பிலடெல்பியாவில் யுனிவாக் கம்ப்யூட்டரை உருவாக்கிய கம்பெனியில் சேர்ந்தார். அப்போது ஒருவர் எழுதிய சப்ரூட்டீனை இன்னொருவர் நோட்டுப் பார்த்துக் கையால் காப்பி எழுதணும். முகவரிகளையும் கூட்டி மாற்றணும். பி என்ற எழுத்து 13 ஆகிவிடும், கூட்டலும் தப்பும். நம்ம லேப் ரெக்கார்டு மாதிரியேதான்! காப்பி அடிப்பதும் கூட்டுவதும் மெஷினுடைய வேலையாச்சே, அதை மனுஷன் ஏன் செய்யணும் என்று ஹாப்பர் யோசித்தார். சப்ரூட்டீன்களுக்கு எண் கொடுத்து டேப்பில் வைத்தார். எண்ணைச் சொன்னால் மெஷினே தேடி எடுத்துக் கோர்த்துவிடும். 1952-இல் இயங்கிய இந்த ஏ-0 தான் கம்பைலர் என்ற பெயருக்கே தொடக்கம்.

அடுத்து, எண்களுக்குப் பதில் ஆங்கிலச் சொற்களிலேயே புரோகிராம் எழுதலாம் என்றார். கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் புரியாது என்று மறுத்தார்கள். ஆனால் ஹாப்பருக்கு உள் விஷயம் தெரியும். யுனிவாக்கில் ஓர் எழுத்து என்பது 6 பிட், சரிபார்க்க 1 பிட். 12 எழுத்து சேர்ந்தால் ஒரு வேர்டு. மொத்த நினைவகமே 1000 வேர்டு, அதாவது 12,000 எழுத்து. நம்ம ஹால் டிக்கெட் போட்டோகூட அதில் அடங்காது. அதற்குள் சொல் என்பது வெறும் பிட் வரிசை. மெஷின் அதைப் புரிஞ்சுக்க வேண்டியதில்லை, ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

இதை நிரூபிக்க, ஆணைச் சொற்களை மாற்றி அதே புரோகிராமைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டினார். மேலதிகாரிகளுக்கு அதிர்ச்சி! அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டர் எப்படிப் பிரெஞ்சு பேசும் என்று கலங்கிவிட்டார்கள். ஆங்கிலம் மட்டும்தான் என்று உறுதி சொல்லித்தான் வேலையைத் தொடர முடிந்தது. அதுவே ஃப்ளோ-மேட்டிக் மொழியானது.

இன்றும் விஷயம் அதுதான். நாம் மேற்கோள் குறிக்குள் எழுதும் சொல்லைக் கம்பைலர் எண்களாக்கித் தனி டேட்டா பகுதியில் வைத்து ஒரு லேபிள் போடும். இடையில் அது தயாரிக்கும் இன்டர்மீடியட் கோடில், பிரிண்ட் செய்யும் இடத்தில் சொல் இருக்காது. அந்த லேபிள்தான் இருக்கும். நான் லேப்பில் அம்மா என்று தமிழிலேயே போட்டு சைஸ் பார்த்தேன். 16 என்று வந்தது. யுடிஎஃப்-8 முறையில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறி. ஒவ்வொன்றும் 3 பைட். முடிவைக் காட்டும் பூஜ்யம் ஒன்று. ஆங்கில எழுத்தில் போட்டால் 5. அளவுதான் வேற, கம்பைலர் முகம் சுளிக்கவே இல்லை!

1959-இல் கோபால் மொழியை வடிவமைத்த குழுவுக்கு ஹாப்பர் ஆலோசகர். ஃப்ளோ-மேட்டிக்தான் அதற்கு முக்கிய அடித்தளம். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராம் இரண்டு வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டரில் ஓடியது.

1966-இல் கடற்படை அவருக்கு ஓய்வு தந்தது. அடுத்த ஆண்டே ஆறு மாத வேலை என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் 1986 வரை நீண்டது! ரியர் அட்மிரலாக, 79 வயதில் ஓய்வு பெற்றார். போகிற இடமெல்லாம் ஏறக்குறைய 30 செ.மீ. கம்பித் துண்டுகளைக் கொடுத்து, ஒரு நானோ செகண்டில் மின்சாரம் போகக்கூடிய அதிகபட்ச தூரம் இதுதான் என்று மாணவர்களுக்கு விளக்குவார். 1992 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார். 2016-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது, மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.

நண்பர்களே, இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புத்தகம் அதில் இருக்கு, இன்டர்வியூ அதில் இருக்கு, படிச்சுத்தான் ஆகணும். ஆனால் மெஷின் எந்த மொழிக்கும் சொந்தக்காரன் இல்லை. அதுக்கு முன்னால் இங்கிலீஷ் மீடியமும் தமிழ் மீடியமும் ஒரே பெஞ்சுதான். அடுத்த முறை எர்ரர் வந்தால் பயந்து எழுந்து போகாதீங்க. கடிகாரத்தைப் பிரிச்ச அந்தச் சிறுமி மாதிரி, பிரிச்சுப் பாருங்க!

– இரண்டாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு