கோவை தந்த ஓவியச் செல்வர்

கொங்கு நாடு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பஞ்சாலைகளும் சிறுவாணி நீருமே. ஆனால் நாடு போற்றும் ஓவியர் ஒருவர் நம் கோவையில் பிறந்தார் என்பதை, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம். அவரே கே. சி. எஸ். பணிக்கர் ஆவார்.

1911ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த பணிக்கர், 12 வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். கேரளத்துக் கால்வாய்களும் தென்னந்தோப்புகளும் அவர் நெஞ்சைக் கவர்ந்தன. ஆனால் குடும்பச் சுமை குறுக்கிட்டது. கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் பணியாற்ற நேர்ந்தது. எனினும் தூரிகையை அவர் கைவிடவில்லை. 1936இல், தம் 25ஆம் வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்த வயதில் மீண்டும் மாணவராகும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வராகவும் உயர்ந்தார்.

1954இல் அவருடைய ஓவியங்கள் இலண்டனிலும் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. வான்கோ, கோகன் ஆகியோரின் கலை அவரைப் பெரிதும் ஈர்த்தது. கண்ணில் படும் நிறத்தை அப்படியே தீட்டாமல், உள்ளம் உணரும் நிறத்தைத் துணிந்து தீட்டியவர்கள் அவர்கள். 1958ஆம் ஆண்டளவில் பணிக்கர் தீட்டிய தோட்ட ஓவியங்களில் அந்தத் துணிவைக் காணலாம்.

அவ்வழியில் எங்கள் பள்ளித் தோட்டத்தை வரைய நாங்களும் முயன்றோம். முதல் நாள் எல்லா இலைகளுக்கும் ஒரே பச்சையைப் பூசினோம். ஓவிய ஆசிரியை எங்களை வேப்பமரத்தடியில் அமர்த்தி, கால் மணி நேரம் வெறுமனே பார்க்கச் சொன்னார். என்ன வியப்பு! நிழலில் ஊதா தெரிந்தது. வெயில் பட்ட இலையில் மஞ்சள் மின்னியது. அன்றுதான் எங்கள் தோட்டத்தையே முதன்முறையாகக் கண்டோம்.

பணிக்கரோ பிறரிடம் கற்றதோடு நின்றுவிடவில்லை. தமக்கென ஒரு வழியைத் தேடினார். 1963இல், ஒரு மாணவரின் கணக்கு நோட்டின் பக்கம் அவருக்கு வழி காட்டியது! எழுத்துகளும் எண்களும் குறியீடுகளும் நிறைந்த புதுவகை ஓவியங்கள் பிறந்தன. மாணவரிடமும் கற்ற ஆசிரியர் அவர்.

ஓவியத்தை நம்பினால் பசிதான் மிஞ்சும் என்பர். அக்கவலையைத் தீர்க்க அவர் வழி கண்டார். அவரும் மாணவர்களும் கைவினைப் பொருள்கள் செய்து விற்றுப் பணம் சேர்த்தனர். சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். 1977 சனவரியில் பணிக்கர் மறைந்தார். அவர் நட்ட அக்கிராமம் நிலைத்து நிற்கிறது.

பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் எங்களில் சிலர் வண்ணப் பெட்டியை மூட்டை கட்டிப் பரண்மேல் வைத்துவிட எண்ணியிருந்தோம். தந்தி அலுவலகத்தில் உழைத்தபோதும் தூரிகையை விடாத பணிக்கர் எங்கள் எண்ணத்தை மாற்றினார். படிப்போம், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரமாவது வரைவோம். தோழியரே, நீங்களும் வாருங்கள். வேப்பமரத்தடியில் இடம் இருக்கிறது!