ஆளப் பிறந்தவன்

ஸ்காட்லாந்து நாட்டில் மாக்பெத் என்றொரு வீரன் இருந்தான். அவன் போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டு, அவன் அரசனாவான் என்று குறி சொன்னார்கள். அந்தச் சொல் அவன் நெஞ்சில் விதையாய் விழுந்தது. தன் வீட்டிற்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைக் கொன்று முடி சூடினான். அதன்பின் ஒரு பாவத்தை மறைக்க மறு பாவம் என்று இறங்கிக்கொண்டே போய், இறுதியில் தானும் அழிந்தான். இது ஷேக்ஸ்பியர் 1606-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய நாடகம். உண்மையான மாக்பெத்தோ 1040-இல் டங்கனைப் போரில் வீழ்த்தி, 17 ஆண்டுகள் ஆண்டு, 1057-இல் மடிந்தான்.

இது கடல் கடந்த நாட்டின் கதை என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் நம் உளுந்தூர்பேட்டை வட்டத்திலேயே, கெடில நதிக்கரையில் உள்ள சேந்தமங்கலத்தில், இதைப் போன்ற ஒருவன் வாழ்ந்திருக்கிறான். அவனே காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன்.

காடவர்கள் தங்களைப் பழைய பல்லவர் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். சோழப் பேரரசருக்கு அடங்கி, நம் நடுநாட்டுப் பகுதியைக் காவல் செய்துவந்தவர்கள். இக்குலத்தில் பலருக்கு ‘ஆளப்பிறந்தான்’ என்ற பெயர் இருந்ததைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். கோப்பெருஞ்சிங்கனுக்கு அதுவும் போதவில்லை. அவன் ‘அவனியாளப் பிறந்தான்’, அதாவது உலகையே ஆளப் பிறந்தவன் என்று பெயர் பூண்டான். மாக்பெத்துக்குச் சூனியக்காரிகள் வழியில் நின்று சொன்னதை, இவனுக்குச் சொந்தப் பெயரே தினமும் காதில் சொல்லிக்கொண்டிருந்தது போலும்!

அப்போது சோழ நாட்டில் 1216-இல் பட்டத்திற்கு வந்த மூன்றாம் இராசராசன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் வலிமை குன்றியவன். பாண்டியனிடம் தோற்று, உதவி தேடி வடக்கு நோக்கிச் சென்றான். தலைவன் துன்பப்படும் வேளையில் துணை நிற்க வேண்டியவன் கோப்பெருஞ்சிங்கன். அவனோ தெள்ளாறு என்னுமிடத்தில் சோழனை வழிமறித்துப் போரிட்டு வென்றான். அரச சின்னங்களைப் பறித்து, அமைச்சர்களோடு சிறைப்பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். இது நடந்தது 1231-ஆம் ஆண்டை ஒட்டி. வேலியே பயிரை மேய்ந்த கதை ஆயிற்று. இவ்வெற்றியை அவன் மறைக்கவும் இல்லை. வயலூரில் கல்வெட்டாகவே பொறித்து வைத்தான்.

செய்தி கேட்ட ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன், சோழ அரசை மீண்டும் நிலைநிறுத்தாமல் வெற்றிக் காளம் ஊதமாட்டேன் என்று சூளுரைத்துப் படை திரட்டினான். அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் இரு தளபதிகள் நம் பகுதிக்குள் புகுந்தனர். பிறகு நடந்ததைக் கடலூருக்கு அருகிலுள்ள திருவயிந்திரபுரம் கோயில் கல்வெட்டு விவரமாகச் சொல்கிறது. கோப்பெருஞ்சிங்கனின் படை நாட்டையும் கோயில்களையும் அழித்தது என்று அது குற்றம் சாட்டுகிறது. அவனை அடக்க வந்த ஹொய்சளப் படையும் ஊர் ஊராக அழித்துக்கொண்டே சேந்தமங்கலத்தை நெருங்கியது. கடைசியில் கோப்பெருஞ்சிங்கன் பணிந்து, சோழனை விடுவித்தான்.

இந்த இடத்தைப் படிக்கும்போது என் மனம் மிகவும் வேதனைப்பட்டது. ஆசைப்பட்டவன் ஒருவன்; அவன் கோட்டையில் இருந்தான். எரிந்ததோ உழவர்களின் பயிரும் குடிசைகளும். அவர்கள் உலகை ஆளப் பிறந்தவர்கள் அல்லர். நெல்லும் உளுந்தும் விதைத்து, மழைக்காக வானத்தைப் பார்த்திருந்தவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் கல்வெட்டில் இல்லை.

1243-இல் அதே பெயருடைய மகன் பட்டம் ஏற்றான் என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து. அவனும் பெரிய வீரன். ஆனால் 1251-இல் மதுரையில் முடிசூடிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டுக் கைப்பற்றி, பிறகு தனக்கு அடங்கியிருக்கும்படி அதைத் திருப்பிக் கொடுத்தான். சோழனுக்கு அடங்க மறுத்த குலம் பாண்டியனுக்கு அடங்கி வாழ்ந்தது. 1279-ஐ ஒட்டிக் காடவரும் மறைந்தனர், சோழரும் மறைந்தனர். சிறையிட்டவன் வம்சமும் சிறைப்பட்டவன் வம்சமும் ஒரே காலத்தில் முடிந்துவிட்டன!

இவர்களைத் தீயவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால் அது நியாயமாகாது. சேந்தமங்கலத்தில் கோட்டை போன்ற மதிலுடன் ஆபத்சகாயேசுவரர் கோயில் இன்றும் நிற்கிறது. சிதம்பரம் கோயிலின் கோபுரத் திருப்பணிகளிலும் இவர்கள் பெயர் நிலைத்திருக்கிறது. கலையை விரும்பிய நெஞ்சு, கல்லைச் செதுக்கக் கொடுத்த கை. ஆனால் ஒரு கோபுரம் எழுப்பினால் எரிந்துபோன ஒரு கிராமத்திற்கு ஈடாகுமா? இக்கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இறைவனே அறிவார்.

அன்புத் தோழியரே! குறி சொல்லும் சூனியக்காரிகள் நம் வழியில் வருவதில்லை. ஆனால் நம் வீட்டிலும் சுற்றத்திலும் எத்தனை பேர், நீ டாக்டராகப் பிறந்தவள், நீதான் வகுப்பில் முதல் மாணவி என்று அன்போடு சொல்கிறார்கள்! அச்சொல்லைக் கேட்டு மகிழ்ந்த நானே, ஒரு தேர்வில் விடை நினைவுக்கு வராதபோது பக்கத்தில் இருந்தவளின் தாளை எட்டிப் பார்த்தேன். இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் ஆசிரியையிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் மனம் லேசாயிற்று.

உயர வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமன்று. உயர்வதற்காக, நம்மை நம்பியவரைக் கீழே தள்ளுவதுதான் குற்றம். மாக்பெத்துக்கும் கோப்பெருஞ்சிங்கனுக்கும் பெருமை வரும் என்றுதான் அச்சொற்கள் கூறின. துரோகம் செய் என்று எந்தச் சொல்லும் கட்டளையிடவில்லை. அந்த வழியை அவர்களே தேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த விடுமுறையில் சேந்தமங்கலம் சென்று பாருங்கள். ஆளப் பிறந்தவன் இல்லை. அவன் அரண்மனையும் இல்லை. வயல்களில் உழவர்கள் மட்டும் இன்றும் இருக்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி