யார் இந்த ஜான் டெட்மன்? பிங்க் ஐசிங்கைத் தடை செய்தவர் வேலைவாய்ப்புக்கு உறுதி கொடுத்த கதை

கோட்டுக்குள் வெயிஸ்ட்கோட் கூடாது. பேன்ட் காலில் மடிப்பு கூடாது. கேக் மேல் பிங்க் ஐசிங் கூடாது. கிறிஸ்துமஸ் விற்பனை விளம்பரமா? அதற்கும் கட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியர்களை எரிச்சலாக்கிய இந்த உத்தரவுகளுக்குப் பின்னால் இருந்தவர் ஜான் டெட்மன். கிறிஸ்துமஸ் தாத்தாவையே கொன்னுட்டார் என்றுகூட அவரைக் கிண்டல் செய்தார்கள்.

1896-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் கலிபோலியில் சண்டை போட்டார். பிறகு பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு மாறி ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் பணியாற்றினார். 1922-ல் ஆஸ்திரேலியா வந்து, விக்டோரியாவில் பால் பண்ணை வைத்தார். தொழிலாளர் கட்சியில் சேர்ந்து, 1940 இடைத்தேர்தலில் கோரியோ தொகுதியில் ஜெயித்தார். அந்த இடத்தைக் காலி செய்தவர் ரிச்சர்ட் கேசி. பின்னாளில் வங்காள ஆளுநராக இங்கே வந்தாரே, அவரேதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

1941 அக்டோபரில் ஜான் கர்ட்டின் பிரதமரானார். போர்க்காலத் தொழில் ஒழுங்கமைப்புத் துறை டெட்மனிடம் வந்தது. அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கே நாளில் டார்வின் மீது ஜப்பான் குண்டு போட்டது. மொத்த மக்கள்தொகையே சுமார் 70 லட்சம். ராணுவத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் ஆள் வேண்டுமென்றால், வேறு வேலையில் இருப்பவர்களைத்தான் இழுக்கணும். வெயிஸ்ட்கோட் இல்லாத சூட்டில் துணியும் மிச்சம், தையல்காரரின் நேரமும் மிச்சம். ஐசிங் தடை கொஞ்சம் ஓவர்தான். ஆனால் கணக்கு புரிகிறது.

அதே கணக்கைத்தான் 1945-ல் அவர் திருப்பிப் போட்டார். அப்போது போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு அமைச்சர். லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினால் வேலை எங்கே? இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட 20 ஆண்டுகளில் வேலை தேடியவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவருக்கு மேல் சும்மா இருந்தார்கள். பெருமந்தத்தின் உச்சத்தில் நான்கில் ஒருவருக்கும் மேல். தனியார் செலவு குறையும்போது அரசு செலவழித்து வேலையைக் காப்பாற்றும் என்ற வெள்ளை அறிக்கையை அந்த மே மாதம் நாடாளுமன்றத்தில் வைத்தார். எழுதியதில் பெரும்பங்கு ஹெச்.சி. கூம்ப்ஸ் போன்ற பொருளாதார நிபுணர்களுடையது. சபையில் அதற்காக நின்றவர் டெட்மன். அடுத்த கால் நூற்றாண்டில் பெரும்பாலும் வேலையின்மை 2 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. உலகமே வளர்ந்த காலம் அது, முழுப் பெருமையும் அறிக்கைக்குச் சேராது.

எங்கே சறுக்கினார்?

வாயால்தான். வாடகைக்கு விடும் அரசு வீட்டுத் திட்டம் பற்றிய விவாதத்தில், தொழிலாளிகளைக் குட்டி முதலாளிகளாக்குவது அரசின் வேலையல்ல என்ற பொருளில் பேசிவிட்டார். சொந்த வீட்டுக் கனவில் இருந்த நாட்டில் எதிர்க்கட்சிக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. பல ஆண்டுகள் அதையே சொல்லிக் காட்டினார்கள். 1949 தேர்தலில் கட்சி ஆட்சியை இழந்தது. டெட்மன் கோரியோவில் ஹூபர்ட் ஆப்பர்மனிடம் தோற்றார். அவர் உலகப் புகழ்பெற்ற சைக்கிள் பந்தய வீரர்.

பிறகு அகதிகளைக் குடியமர்த்தும் வேலை பார்த்தார். கடைசியில் கான்பெராவில் குடியேறி, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார். 70 வயதை ஒட்டிப் பட்டம் வாங்கினார். 1946-ல் அந்தப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்ததும் அவர்தான். 1973-ல் காலமானார்.