ஜாம்பட்டிஸ்டா போடோனி

ஜாம்பட்டிஸ்டா போடோனி (1740 - 1813) இத்தாலியைச் சேர்ந்த எழுத்துச் செதுக்குநரும் அச்சாளரும் ஆவார். தடித்த கோடும் மயிரிழை போன்ற மெல்லிய கோடும் அருகருகே நிற்கும் உயர் மாறுபாட்டு இலத்தீன் எழுத்துருக்களை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். இவர் பெயரால் வழங்கும் எழுத்துரு இன்றும் இதழ்களிலும் விளம்பரங்களிலும் ஆடைகளின் மீது அச்சிடப்படும் சொற்களிலும் பயன்படுகிறது.

இளமைக்காலம்

வட இத்தாலியில் உள்ள சலுட்சோ என்னும் ஊரில் அச்சாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1758 இல் உரோமுக்குச் சென்று, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைபரப்பு அச்சகத்தில் சேர்ந்தார். அயல்நாடுகளுக்கான சமய நூல்களைப் பல மொழிகளில் அச்சிட்டுவந்த அந்த அச்சகத்தில், அரபு, காப்டிக், திபெத்திய எழுத்துகளைக் கையாளும் பயிற்சி இவருக்குக் கிடைத்தது. 1766 அளவில் உரோமைவிட்டு இங்கிலாந்துக்குச் செல்லப் புறப்பட்டார். பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் அச்சிட்ட நூல்களின் புகழே அதற்குக் காரணம். வழியில் காய்ச்சல் கண்டதால் பயணம் நின்றுபோனது.

பார்மாவில்

1768 இல் பார்மா சிற்றரசின் அரச அச்சகத்தை நடத்த அழைக்கப்பட்டார். அரசாணைகள், திருமண வாழ்த்துகள், செவ்வியல் இலக்கியங்கள் ஆகியவை அங்கு அச்சாயின. தொடக்கத்தில் பாரிசைச் சேர்ந்த ஃபூர்னியேயின் எழுத்துகளை வாங்கிப் பயன்படுத்தினார். பின்னர் அவற்றைப் பின்பற்றித் தாமே செதுக்கலானார். உரோமுக்கு வருமாறு பிறர் அழைத்தபோது, இவரை இழக்க விரும்பாத பார்மா கோமகன் சொந்த அச்சகம் நடத்த இசைவளித்தார். அவ்வச்சகத்திலிருந்து 1791 இல் ஒராசின் கவிதைகள் வெளிவந்தன. தாமும் ஓர் அச்சாளரான பெஞ்சமின் பிராங்கிளின் 1787 இல் இவரைப் பாராட்டி மடல் எழுதினார். பாரிசு அச்சகம் கிறித்தவர்களின் இறைவேண்டல் ஒன்றை 150 மொழிகளில் அச்சிட்டதும், போடோனி 1806 இல் அதையே 155 மொழிகளில் அச்சிட்டார். இதில் மொழியார்வத்தைவிடப் போட்டியே மிகுதி எனலாம்.

போடோனி நூல்களின் அழகைப் பாராட்டியவர்களே அவற்றில் பிழைகள் மலிந்திருப்பதையும் சுட்டினர். பாரிசின் டிடோ குடும்பத்தார் இதைக் கடுமையாகக் குறைகூறினர். விலை மிகுந்த இந்நூல்கள் படிப்பதற்கென்பதைவிட மன்னர்களும் செல்வரும் வைத்துப் போற்றுவதற்காகவே ஆக்கப்பட்டன என்பது பொருந்தும்.

எழுத்தின் வடிவமைப்பு

அக்காலத்தில் எழுத்தை எஃகின் முனையில் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அப்பள்ளத்தில் ஈயக் கலவையை வார்த்து அச்செழுத்துகளைப் பெற்றனர். பழைய எழுத்துருக்களில் பேனாவின் சாய்வு தெரியும். போடோனியின் எழுத்துகளில் அச்சாய்வு இல்லை. நெடுங்கோடுகள் நேராகவும் தடித்தும் நிற்க, இணைப்புக் கோடுகளும் முனைக்கோடுகளும் வளைவின்றி மெல்லிய தட்டைக் கோடுகளாக அமைந்துள்ளன. இத்தகைய கோடுகள் உடையாமல் பதிய மழமழப்பான தாள் வேண்டும். பாஸ்கர்வில் காலத்தில் வந்த புதுவகைத் தாள் அதற்கு வழிவகுத்தது. வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் போடோனி விட்ட அகன்ற வெள்ளிடமும் இந்த அழகின் ஒரு பகுதியே.

ஒவ்வோர் அளவுக்கும் இவர் தனித்தனியே செதுக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது. சிற்றளவில் மெல்லிய கோட்டைச் சற்றே தடிப்பாக்கினார். இவர் மறைவுக்குப்பின் மனைவி மார்கரித்தா, 1818 இல் இவருடைய எழுத்து மாதிரிகளை இரு தொகுதிகளாக வெளியிட்டார். இவர் செதுக்கிய எஃகு அச்சுகள் பார்மாவிலுள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

பயன்பாடு

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் மொரிசு இவ்வகை எழுத்துகளை வெறுத்தொதுக்கினார். ஆயினும் அமெரிக்க அச்செழுத்து வார்ப்பகத்துக்காக மோரிசு புல்லர் பென்டன் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த வடிவமும், 1926 இல் ஜெர்மனியின் பாவர் வார்ப்பகம் வெளியிட்ட வடிவமும் இதனை மீண்டும் பரப்பின. பின்னாளில் ஒரே வரைபடத்தைப் பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்தியதால், சிறிய எழுத்தில் மெல்லிய கோடுகள் மறைந்து தடித்த கோடுகள் மட்டும் வேலிக்கால்கள்போல் தெரிந்தன. 1994 இல் வந்த ஐடிசி போடோனி, மூன்று அளவுகளுக்கு மூன்று வரைபடங்களைத் தந்து இக்குறையைப் போக்க முயன்றது. ஆடை அலங்கார இதழ்களின் பெயர்களில் காணப்படுவதும் இக்குடும்பத்து எழுத்தே. ஆனால் வோக் இதழின் பெயர் டிடோ வகையைச் சார்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலான தவறு.

இதே சிக்கல் துணியில் இன்னும் கூடுகிறது. திருப்பூரில் தயாராகும் பின்னலாடைகளில் எழுத்துகள் பெரும்பாலும் திரை அச்சு (ஸ்கிரீன் பிரிண்டிங்) முறையில் பதிகின்றன. பின்னல் துணியின் மேற்பரப்பு வழவழப்பானதன்று. அது கண்ணிகளால் ஆனது, இழுத்தால் விரிவது. மயிரிழைக் கோடு அதன்மேல் விட்டுவிட்டுப் பதியும். மை சற்றுப் பரவினால் கோடு தடித்து எழுத்தின் மாறுபாடே போய்விடும். உடுத்தித் துவைக்கும்போது முதலில் வெடிப்பதும் அதுவே. நெய்த லேபிளிலோ ஓர் இழையைவிட மெல்லிய கோடு இயலாது. எனவே துணிக்கான வரைபடத்தில் மெல்லிய கோடுகளைத் தடிப்பாக்குவது வழக்கம். போடோனி சிற்றளவு எழுத்துகளுக்குச் செய்ததும் இதுதான்.